ஆஷ்லினை இறக்காத ஆட்டம்

என் பெண்டாட்டி வியாகுலத்திடம் பேசி ஜெயித்தவன் காரைக்குடியில் எவனும் இல்லை. பெண்களுக்கென்று இந்தியக் கால்பந்து அணி இருப்பதே பலருக்குத் தெரியாத காலத்தில் அதில் ஆடியவள். இருபத்திரண்டு வயதில் முழங்கால் போனது, ஆட்டமும் போனது. இப்போது எங்கள் செக்காலைப் பகுதிப் பெண்பிள்ளைகள் அணிக்கு அவள்தான் மேனேஜர்.

தேவகோட்டையில் இறுதி ஆட்டம். எங்கள் மகள் ஆஷ்லினுக்கு முழங்கால் லேசாக வீங்கியிருந்தது. அவளை வெளியே உட்கார வைத்துவிட்டாள் மகராசி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாக. ஒனக்கு என்ன கல்லு மனசா?"

"அங்குட்டுப் போயி ஒக்காருறீகளா, இல்லையா?"

ஒரு கோல் பின்தங்கிவிட்டோம். "அக்கா, ஆஷ்லினை எறக்குங்கக்கா" என்று சினேகா மைதானத்திலிருந்து கெஞ்சினாள். ஆஷ்லின் பூட்ஸ் நாடாவை இறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். ஜெயிக்கும் ஆசை வியாகுலத்தை விட யாருக்கு உண்டு? "சரி, வா" என்றாள்.

ஆட இறங்கும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் அனுப்புவாள். சினேகாவெல்லாம் குன்றக்குடித் திருநீற்றுக்கு மேலேயே வாங்கிக்கொள்வாள். ஆஷ்லின் நெற்றியில் கட்டைவிரலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளை வலது காலை ஊன்றாமல் நிற்பதை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"ஒக்காருத்தா" என்றாள்.

தோற்றுப்போனோம்.

திரும்பும்போது வேனில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுத ஆஷ்லினின் காலைத் தூக்கி மடியில் வைத்து, வியாகுலம் ஐஸ் ஒத்திக்கொண்டிருந்தாள்.

"நான் எறங்கியிருந்தா ஜெயிச்சிருப்போம்மா."

"ஆமாடி. ஜெயிச்சிருப்போம்."

இப்படி ஒத்துக்கொள்வாள் என்று பிள்ளை எதிர்பார்க்கவில்லை. அழுகை நின்றது.

"அப்பறம் ஏம்மா எறக்கல?"

வியாகுலம் ஐஸை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு சொன்னதை, கட்டிய புருஷன் எனக்கே அவள் அதுவரை சொன்னதில்லை.

"என் கடைசி ஆட்டத்துல, வலிக்குதுன்னு சொல்லச் சொல்ல ஊசியைப் போட்டு எறக்கிவிட்டாகடி. நானும் ஓடுனேன். கோலும் போட்டேன், ஜெயிச்சோம். அந்தக் கப்பு இப்ப யாருகிட்ட இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. வலி மட்டும் எங்கிட்ட இருக்கு."