குறையில்லாத பெயர்

கோலப்பன் சாலைக் கடைத்தெருவில் நட்டும் போல்ட்டும் விற்கிறவன். ஜப்பான்காரனோ போர்ச்சுகல்காரனோ அவன் கடைப் படி ஏறியதே கிடையாது. ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊர்ப் பாஷைகளையெல்லாம் கைபேசியில் துழாவிக்கொண்டிருந்தான். உள்ளே, குறைமாதத்தில் பிறந்த அவன் மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். மறுநாள் பிள்ளை பிறந்து இருபத்தெட்டாம் நாள். பிள்ளை இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டி, காதில் அப்பன் மூன்று தடவை பெயர் சொல்ல வேண்டிய நாள். கயிறெல்லாம் கூடாது, பெயரை வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெயர்தான் இல்லை.

மனைவி அஸ்வதி சொன்னதெல்லாம் சின்னச் சின்னப் பெயர்கள்தான். மாலா என்றாள். ஸ்பானிஷில் அது கெட்டவளாம். லதா என்றாள். போர்ச்சுகீசியத்தில் தகர டப்பாவாம். உமா என்றதும், ஜப்பானில் குதிரையை அப்படித்தான் சொல்வார்கள் என்றான். குதிரைக்கு என்ன குறை என்று அவள் கேட்டபோது அவன் அடுத்த பாஷைக்குப் போயிருந்தான். எங்கோ கடலுக்கு அப்பால் யாரோ எதையோ சொல்லிவிட்டுப் போகட்டுமே! மனுஷன் விடவில்லை. தொட்டதற்கெல்லாம் நொட்டை.

உண்மையில் அவனுக்கு எந்தப் பாஷைமீதும் பயமில்லை. இதற்கு முன் பிறந்த பையன் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அதுதான் பயம். பெட்டிமேல் இருந்த மிஷின் கூவும்போதெல்லாம் எழுந்து கதவுவரை போய்த் திரும்பினான். பெயர் வைத்து, வாய் நிறையக் கூப்பிட்டு, பிறகு ஏதாவது ஆகிவிட்டால்? பெயர் இல்லாத பிள்ளையிடம் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளலாம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

மறுநாள் காலை நர்ஸ் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். பெட்டியருகே போனதும் கோலப்பன் கைபேசியை எடுத்தான். இன்னும் ஒரு வாரம் போகட்டும், நல்லதாகப் பார்த்து வைக்கலாம் என்று முணுமுணுத்தான்.

அஸ்வதி கைபேசியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"மூத்தவனுக்கு இருபத்தெட்டு ஆவல்லன்னு பேரு வைக்காம இருந்தோம். பேரில்லாமலே போயிட்டான். இப்பம் அவன நெனச்சு அழணும்னாலும், என்ன சொல்லி விளிக்கன்னு எனக்குத் தெரியல்ல."

அவள் அழுது கோலப்பன் பார்த்ததே இல்லை. நெஞ்சழுத்தக்காரி என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

நர்ஸ் பெட்டியின் சிறு கதவைத் திறந்துவிட்டார். அவன் குனிந்தான். "உமா" என்றான். மறுபடி சொன்னான். மூன்றாவது தடவையும் சொல்லிவிட்டு நிமிர்ந்தான். கண்ணைத் துடைக்கவில்லை.

"மூத்தவனுக்கும் ஒரு பேரு சொல்லு" என்றான்.