மகாராணிக்குச் செங்கல்

ஆறு மாதச் சோதனைக்காலம் அன்றோடு முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் வெங்கிடேஷின் மேஜையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது. அப்படிப்பட்ட நாளில் வாயைப் பொத்திக்கொண்டிருப்பதுதான் புத்தி என்று ஆர்ஷாவுக்குத் தெரியும். ஆனாலும் திறந்தாள்.

"சார், சித்தாள் வேலைக்குப் போறவளுக்கு மெத்துன்னு கை வேண்டாம்."

வழுதக்காட்டில் அந்த விளம்பரக் கம்பெனியின் கண்ணாடி அறையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. விளம்பரம் கேட்டு வந்திருந்த களிம்புக் கம்பெனி முதலாளி, மலையாளி சுதீஷ் நிமிர்ந்து பார்த்தான். சிமென்ட் அரித்து வெடித்த கைகளுக்கென்றே அவன் செய்த களிம்பு அது. எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்கு முந்நூறு டப்பா இலவசமாகக் கொடுத்தாயிற்று. டப்பாவின் மேல், 'மலர் போன்ற கைகள், மகாராணி போல நீங்கள்.' பாதிப் பேர் குதிகாலில் தேய்த்தார்கள். மீதிப் பேர் காலேஜ் போகும் மகளுக்குக் கொடுத்தார்கள். கடைக்கு வந்து இன்னொன்று கேட்டவர் ஒருத்தர்கூட இல்லை.

"எழுத்தோட வாய்ஸ் இன்னும் கனிவா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார் வெங்கிடேஷ். ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரர், கிரியேட்டிவ் ஹெட். "ஒரு சினேகிதி பேசற மாதிரி நன்னா எழுதும்மா."

"எந்த சினேகிதி சார் கைய மெத்துன்னு ஆக்குன்னு சொல்லுவா? எங்கம்மா பதினெட்டு வருஷம் சிமென்ட் சுமந்தவ. கையில காய்ப்புப் போச்சுன்னா மறுநாள் செங்கல் கிழிச்சிடும். அவளுக்கு வெடிப்பு மூடணும், காய்ப்பு இருக்கணும். இந்தக் களிம்பு அதத்தான் செய்யுது. நாமதான் பொய் சொல்லி அவள விரட்டிட்டோம்."

தான் எழுதியதை மேஜையில் வைத்தாள்.

'கை மென்மையாகாது. வெடிப்பு மூடும். நாளைக்கும் செங்கல் தூக்கலாம்.'

"இதென்ன வேலைக்காராளோட பாஷை?"

"வாங்கப்போறதும் அவங்கதானே சார்."

சுதீஷ் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினான். பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. "அங்க போய் சோதிக்கலாமே. அதல்லே நல்லது?"

மூவரும் இறங்கிப் போனார்கள். மணல் குவியலருகே டீ குடித்துக்கொண்டிருந்தாள் உலகம்மாள், தென்காசிக்காரி. வெங்கிடேஷ் மகாராணி வரியைப் படித்துக் காட்டினார்.

உலகம்மாளுக்குப் புரையேறிவிட்டது. "பூவு மாரி கைய வச்சுக்கிட்டு எவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவ சாரே? மகாராணி வந்து இந்தச் சட்டியத் தூக்குவாளா?"

ஆர்ஷா தன் வரியைப் படித்தாள்.

உலகம்மாள் சிரிக்கவில்லை. சுதீஷிடமிருந்து டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து மோந்தாள். பெருவிரல் வெடிப்பில் அழுத்தித் தேய்த்து, அதே கையால் செங்கல் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். "வழுக்கல. வெல என்ன புள்ள?"

முந்நூறு பேரில் ஒருத்திகூடக் கேட்காத கேள்வி.

திரும்பும்போது வெங்கிடேஷ் மெல்ல ஆரம்பித்தார். "சரி, வரி இருக்கட்டும். ஓரத்துல சின்னதா ஒரு தாமரை மட்டும் போட்டுடலாம். கண்ணுக்கு அழகா இருக்கும்."

"பூ போட்டா என் வரிய எடுத்துடுங்க சார்."

"ஆர்ஷா, நான் இன்னும் கையெழுத்துப் போடலை. ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு சார்."

"பூவு வேண்டா" என்று சுதீஷ் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெங்கிடேஷ் மாடியேறி, கடிதத்தை மேஜை டிராயருக்குள் தள்ளினார். "எதிர்த்துப் பேசற பழக்கம் சரியில்லை. இன்னும் மூணு மாசம் சோதனைதான்."

"ஆகட்டும் சார். டப்பாவுக்குப் பின்பக்கமும் எழுதணும்."

உட்கார்ந்து தட்டினாள்: 'பிசுபிசுக்கும். வாசனை கிடையாது. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.'