நாவலின் எடையில் இறங்கிய வீடு

ஃபிராங்க்ளின் தன் நாவலின் முதல் அத்தியாயத்தை முடித்த காலையில் அவருடைய வீடு மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறங்கியது. தூத்துக்குடி இனிகோ நகரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த சின்ன மாடி வீடு அது. சுவரில் விரிசல் விழவில்லை, அலமாரியில் ஒரு டம்ளர்கூட உருளவில்லை. வாசற்படியின் கீழ்வரிசை ஓடு மட்டும் கண்ணில் படாமல் போனது. எதிர்த்த மளிகைக்கடை மகாராஜன் குனிந்து பார்த்து, "ஒரு பக்கமும் சாயாம எறங்கிருக்கு தம்பி, நல்ல கட்டுமானம்" என்று சொல்லிவிட்டு உளுந்து நிறுக்கப் போய்விட்டார்.

ஃபிராங்க்ளின் பயப்படவில்லை. துறைமுகத்தில் அவர் டிராஃப்ட் சர்வேயர். ஐம்பதாயிரம் டன் நிலக்கரியை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது என்பதால் கப்பலையே தராசாக்குவதுதான் அந்த வேலை. கப்பலின் முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று இரண்டு புறமும் சேர்த்து ஆறு இடங்களில் வெள்ளை எண்கள் எழுதியிருக்கும். படகில் போய், அலை ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது ஒரு எண் பார்த்து நடுவில் உள்ளதைக் குறிக்க வேண்டும். எவ்வளவு ஆழம் முழுகியிருக்கிறதோ அதிலிருந்து மொத்த எடை வரும். ஆனால் அது சரக்கின் எடை ஆகாது. எண்ணெயைக் கழிக்க வேண்டும், குடிதண்ணீரைக் கழிக்க வேண்டும், முக்கியமாக பாலஸ்ட்டைக் கழிக்க வேண்டும். சரக்கில்லாத கப்பல் கவிழாமல் இருக்க வயிறு நிறையக் குடித்து வைக்கும் கடல்தண்ணீர்தான் பாலஸ்ட். இவ்வளவும் கழித்த பிறகும் ஒருவராலும் விளக்க முடியாத கொஞ்சம் எடை எல்லாக் கப்பலிலும் நிற்கும். தொட்டியடியில் படிந்த சேறு, பெயின்ட் மேல் அடித்த பெயின்ட், யாரும் தூக்கிப் போடாத இரும்பு. அதற்குக் கான்ஸ்டன்ட் என்று பெயர். சில கப்பல் அதிகாரிகள் பாலஸ்ட்டை மறைத்துச் சரக்காகக் காட்டப் பார்ப்பார்கள். தொட்டி தொட்டியாக அளவுநாடா இறக்கி அதைக் கண்டுபிடிப்பதில் ஃபிராங்க்ளின் இருபத்திரண்டு வருடம் பெயர் எடுத்தவர்.

அதனால் வீடு இறங்கியது அவருக்கு நிம்மதியாகவே இருந்தது. அதற்கு முன் ஏழு வருடம் அந்த நாவலைத் தொடங்கித் தொடங்கி விட்டிருந்தார். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியாததுதான் தன் வியாதி என்று நம்பினார். இப்போது வீட்டைச் சுற்றி ஆறு இடங்களில், கப்பலில் உள்ளது போலவே, ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் உயரமான எண்கள் எழுதினார். நூற்றிருபது சென்டிமீட்டரில், ஜன்னல் விளிம்பை ஒட்டி, ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே வீடு போகக் கூடாது. அவர் மனைவி ஜெர்லின் அந்தக் கோட்டைப் பார்த்து, "ஜன்னல் மண்ணுக்குள்ள போச்சுன்னா நான் மணப்பாட்டுக்குப் போயிருவேன். புழுவோட குடித்தனம் நடத்த எனக்கு ஏலாது" என்றாள். மணப்பாட்டில் அவள் அக்கா வீடு இருந்தது. அவள் சொன்னால் செய்கிறவள்.

அந்தச் சமயத்தில்தான் அவர் 'தினம் ஆயிரம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். நாவல் எழுதுகிற அறுபது பேர் அன்றன்று எழுதிய சொற்களின் எண்ணிக்கையை அதில் போடுவார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் குழுவை நடத்துகிறவர் தங்கப்பதக்கப் படம் அனுப்புவார். ஃபிராங்க்ளின் காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஆயிரம், ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐநூறு என்று எழுதினார். பத்து மாதத்தில் முப்பத்தைந்து அத்தியாயம், ஆயிரத்து நூறு பக்கம், நூற்றாறு சென்டிமீட்டர் ஆனது. வாசலில் குனிந்து நுழையப் பழகிக்கொண்டார்கள்.

பிறகு நாற்றம் வந்தது. சுவர்கள் பச்சையும் சாம்பலுமாக வியர்த்தன. தொட்டால் சளி மாதிரி கையோடு வந்தது. மீன் கழுவிய தண்ணீரை ஒரு வாரம் மூடிவைத்துத் திறந்தால் வரும் வாடை, அதோடு துறைமுகச் சேற்றின் வாடை. குளியலறையில் நகக்கண் அளவில் கண்ணில்லாத வெள்ளை நண்டுகள் ஊர்ந்தன. சோற்றுப்பானையைத் திறந்தால் மேலே கூழ் போல ஒன்று ஆடை கட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர்கள் உட்கார்ந்த வரிசையில் மிச்ச இடமும் முன் வரிசையும் பின் வரிசையும் காலியாக இருந்தன. ஃபிராங்க்ளினுக்குத் தன் சட்டையைப் போடவே குமட்டியது. இன்னும் பதினோரு அத்தியாயம் பாக்கி. அத்தியாயத்துக்கு மூன்று சென்டிமீட்டர் என்றால் முப்பத்துமூன்று வேண்டும். கோட்டுக்கு மேலே இருந்தது பதினான்கு.

நாவலை விட்டுவிடலாம் என்று அவர் சொன்ன காலையில், ஜெர்லின் பினாயில் பாட்டிலோடு முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க ஆயிரத்தைநூறு எழுதுத அன்னைக்கெல்லாம் எனக்கு ரெண்டு பாட்டில் ஆவுது. அன்னைக்கு ஒரு நாளு அரைப் பக்கம் எழுதிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீயல்லா, அன்னைக்கு வீடு நாறவே இல்ல."

"அதுக்கு?"

"கப்பக்காரன் ஏமாத்துதான், ஏமாத்துதான்னு தெனமும் வந்து சொல்லுவீயே. உங்க தொட்டிக்குள்ள நாடா விட்டுப் பாத்தீயளா?"

அவர் பையிலிருந்து நாடாவை எடுத்துக் குளியலறை வடிகாலில் இறக்கினார். இரண்டு மீட்டருக்கு ஈரமாக வந்தது. மோந்து பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். பிறகு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, எழுதியதை முதல்முறையாக வாசித்தார். பத்தொன்பது சூரிய உதயங்கள் இருந்தன. அவர் அப்பா தோணியின் முன்பக்கத்தில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பது நாற்பத்தொரு தடவை வந்தது. கடற்பறவைகளுக்கு மட்டும் அறுபது பக்கம். எழுத வந்த விஷயம் ஒரு வரியும் இல்லை.

எழுத வந்தது இது. அவர் அப்பா வளன், மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போன தோணியின் தண்டல், அதாவது அதன் தலைவர். திரும்பும் வழியில், சமையல்காரர் முத்துமணிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நான்கு நாள் நிற்கவில்லை. நாற்றம் தாங்காமல், அவரைத் தண்ணீர்க் குடத்தோடு சிறு ஓடத்தில் இறக்கி, நீளக் கயிற்றில் தோணிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள். ஒரு விடியற்காலையில் கயிறு மட்டும் வந்துகொண்டிருந்தது. அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஊரில் சொன்னார்கள். உடன்குடியில் கைக்குழந்தை சந்தனச்செல்வியோடு இருந்த முத்துமணியின் மனைவி அதை நம்பினார். வளன் சாவதற்கு ஒரு வாரம் முன்பு மகனிடம் ஓடத்தையும் கயிற்றையும் பற்றிய உண்மையைச் சொன்னார். சொன்னவர் அழவில்லை. "அந்த நாத்தம் உனக்குத் தெரியாதுலே" என்றுதான் முடித்தார். ஆயிரத்து நூறு பக்கத்தில் முத்துமணிக்கு இன்னும் வயிற்றுவலியே வரவில்லை.

சிவப்புப் பேனாவால் ஒரு பக்கத்தை அடித்தால் வடிகால் ஒரு தடவை குமுறி, ஒரு குடம் கறுப்புத் தண்ணீர் தெருச் சாக்கடைக்கு வந்தது. ஒன்பது நாள் அடித்தார். தெரு முழுக்க மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு நடந்தது. மகாராஜன் கடைவாசலில் ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, "தம்பி, சூரிய உதயம் எல்லாம் போயிட்டா?" என்று கூவினார்.

"இன்னும் ஏழு இருக்கு அண்ணாச்சி."

"சட்டுபுட்டுன்னு அடிங்க. பருப்பு மூடைல ஏறுது."

நூற்று நாற்பது பக்கம் மிஞ்சியது. வீடு எழுபத்தெட்டு சென்டிமீட்டர் மேலே வந்து இருபத்தெட்டில் நின்றது. அதில் பத்தொன்பதுதான் அந்தப் பக்கங்களின் எடை என்று ஃபிராங்க்ளின் கணக்கிட்டார். பாக்கி ஒன்பதுக்குக் காரணம் கிடைக்கவில்லை. கான்ஸ்டன்ட் என்று குறித்துக்கொண்டார். வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினார்.

அதற்குப் பிறகு அவர் சொற்களை எண்ணவில்லை, சுவரை மட்டும் பார்த்தார். சில காலைகளில் நாற்பது சொல்தான் வந்தது. ஊக்கம் என்று சொல்லும்படி அவருக்கு எதுவும் வரவில்லை. அருவருப்பு வந்தது. அது தினமும் ஐந்து மணிக்குத் தவறாமல் வந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்தது. முத்துமணியின் வேட்டியை, ஈயை, மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு தின்ற ஏழு பேரை எழுதினார். நடுவில் எழுந்து போய் வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்து, திரும்ப வந்து எழுதினார். சுவர் காய்ந்தது. நண்டுகள் எங்கேயோ போய்விட்டன. கயிற்றைப் பற்றி எழுதிய காலையில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. அறுந்த கயிற்றின் நுனி பிரிந்து தும்பு தும்பாக நிற்கும். அப்பா சொன்ன கயிறு முழுதாக வந்த கயிறு. அதன் முடிச்சு தோணியிலிருந்து எட்டாத தூரத்தில், ஓடத்தில் இருந்தது. இரவில் யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்து, ஓடத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து, குனிந்து, அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும். அவிழ்த்தவர் பெயர் வர வேண்டிய இடத்தில் அவர் அப்பாவின் பெயரை எழுதினார். அந்த ஒரு பக்கத்துக்கு வீடு பதினோரு சென்டிமீட்டர் இறங்கியது. எந்த வாடையும் வரவில்லை. அடுப்படியிலிருந்து ஜெர்லின், "எழுதிட்டீயளா?" என்று கேட்டாள். "எழுதிட்டேன்" என்றார்.

நாவல் முடிந்தபோது வீடு தொண்ணூற்றிரண்டில் நின்றது. ஜெர்லின் மணப்பாட்டுக்குப் போகவில்லை. ஃபிராங்க்ளின் கையெழுத்துப் பிரதியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, திருச்செந்தூர் வழியாக பஸ் பிடித்து, உடன்குடியில் சந்தனச்செல்வியின் கையில் கொடுத்தார். அவள் அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்ன விஷயம் என்று கேட்டாள். "வாசிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் திரும்பினார்.

மறுநாள் காலையில் வீடு இரண்டு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. அவர் ஆறு எண்களையும் இரண்டு முறை பார்த்தார். அவள் ஒரு அத்தியாயம் முடித்திருக்கிறாள் என்று புரிந்தது. அதன் பிறகு அவருக்கு வேறு வேலை ஓடவில்லை. ஏறின சென்டிமீட்டரை வைத்து, இப்போது வெங்காயம் ஏற்றுகிற இடம், இப்போது வயிற்றுவலி, இப்போது ஓடம் என்று ஜெர்லினிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கயிறு வருகிற பக்கத்தில் வீடு நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் அசையவில்லை. தூக்கிப் போட்டிருப்பாள் என்று ஃபிராங்க்ளின் முடிவுக்கு வந்தார். நான்காம் நாள் காலையில் வீடு ஒரே மூச்சில் பதினோரு சென்டிமீட்டர் ஏறியது. அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"எங்க வீடு எறங்கிருக்கு" என்றாள் சந்தனச்செல்வி.

சிறிய வீடு அதே எடைக்குக் கூடுதலாகத்தான் இறங்கும் என்று அவர் சொல்ல வந்தார். அதை விட்டு, "நாறுதா?" என்று கேட்டார்.

"இல்ல. அம்மாவுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுதேன். அந்தக் கயித்துப் பக்கத்த மூணு நாளும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாவ. இன்னைக்குத்தான், சரி, மேல வாசின்னாவ."

மிச்சம் இருந்த அத்தியாயங்களை அவர்கள் இரண்டு வாரத்தில் முடித்தார்கள். உடன்குடியில் அந்த வீட்டுக்குள் இப்போது மூன்று படி இறங்கித்தான் போக வேண்டும். வருகிறவர்கள் செருப்பை மேல்படியில் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறார்கள்.