நிழல் விழக் கூடாது

புதூர்நாட்டுக்கு மாற்றலாகி வந்தபோது என்னைப் பார்த்துப் பரிதாபப்படாதவர்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறவனுக்கு மலையில் எப்படிப் பொழுது போகும் என்று கவலை. எனக்கென்ன? கேமரா இருந்தது, கடுகளவைக் கையளவாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தது, சாமைக் கொல்லை நிறையப் பூச்சி இருந்தது. பொழுது நன்றாகவே போனது. பேச்சுத்துணைதான் இல்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு பூச்சி போட்டுக்கொண்டிருந்தேன். "இட்லி எறங்க மாட்டேங்குது வெற்றி, வுட்ரு" என்று அண்ணன் எழுதிய பிறகு நிறுத்திவிட்டேன். ரசனை கெட்ட ஜென்மங்கள்.

மனைவி மஞ்சுளா ஆலங்காயத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். கோபித்துக்கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. "எறும்புக்கு மீச எப்டி இருக்குதுன்னு தெரியுது. பொண்டாட்டி மூஞ்சி எப்டி இருக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனவள்.

போன வாரம் அவளே போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம வர்றேன். இருக்கறதா போறதான்னு வந்து பாத்துட்டு சொல்றேன்." அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டைக் கழுவினேன். அவளுக்குப் பிடிக்குமே என்று பலாப்பழம் வாங்கி வைத்தேன்.

ஞாயிறு காலையிலேயே, கீழேயிருந்து ஆள் ஏற்றி வரும் ஜீப் நிற்கும் புளியமரத்தடிக்குப் போய்விட்டேன். கேமராவை ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்காதீர்கள். எங்கே போனாலும் அது கூடவே வரும். ஜீப்பைக் காணவில்லை. பக்கத்துக் கொல்லையோரம் துவரைச் செடியில் ஒரு தாவும் சிலந்தி உட்கார்ந்திருந்தது. மிளகளவுகூட இராது. முகத்தில் லாரி விளக்கு மாதிரி இரண்டு பெரிய கண். அப்படியே மண்டியிட்டேன்.

இந்த வேலையில் மூச்சை அடக்க வேண்டும். நிழல் விழக் கூடாது. கிட்டே போய்விட்டால் காதில் எதுவும் விழாது, உலகத்தில் அந்த இலை ஒன்றுதான் இருக்கும். அது ஒரு சுகம், சொன்னால் புரியாது. நடுவில் இலைமேல் லேசாக நிழல் தட்டியது. ஆடு மேய்க்கும் துரைக்கண்ணுவாக இருக்கும், அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பார். திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி, கிட்டே வர வேண்டாம் என்று காட்டினேன். நிழல் விலகியது. சிலந்தி மெல்லத் திரும்பி நேராக என்னைப் பார்த்தது. எடுத்துவிட்டேன்.

எழுந்தபோது முட்டி மரத்துப் போயிருந்தது. சுற்றிலும் யாருமில்லை. மதிய ஜீப் வரும்வரை காத்திருந்தேன். அதிலும் அவள் இல்லை. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. 'வரலன்னா ஒரு வார்த்த சொல்லித் தொலைக்கக் கூடாதா' என்று செய்தி அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். பதில் இல்லை.

பலாப்பழத்தை அறுக்கப் பிடிக்கவில்லை. படத்தை லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கினேன். அப்படியொரு படம் இதுவரை நான் எடுத்ததில்லை. சிலந்தியின் ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணுக்குள் வானம். வானத்துக்குக் கீழே கறுப்பாக, குனிந்தபடி நான். இன்னும் பெரிதாக்கினேன். எனக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒருத்தி நின்றிருந்தாள். புடவை கட்டியிருந்தாள், தோளில் பெரிய பை. முகம் தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

போன் செய்தேன். எடுத்தாள். பஸ் இரைச்சல் கேட்டது.

"நீ வந்தியா?"

"வந்தேன்."

"கூப்ட்டிருக்கலாமே, மஞ்சு!"

"நீங்கதான கிட்ட வராதன்னு கை காட்னீங்க. ஜீப்காரரு மூட்டையெல்லாம் எறக்கற வரைக்கும் அங்கியே நின்னேன். திரும்புவீங்கன்னு பாத்தேன். அப்பறம் அதே ஜீப்புல ஏறிட்டேன்."

துரைக்கண்ணு என்று நினைத்தேன் என்று சொல்லலாம். சொல்லி என்ன ஆகப் போகிறது? அவளேதான் கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"படமாவது நல்லா கெடச்சிதா?"

கிடைத்தது என்றேன்.