மூன்றாவது ஜன்னலுக்கு வலப்புறம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான். அதனால் நாட்டின் அணு இணைவு ஆராய்ச்சி மூன்று நாள் நின்றது. கதை எழுத வேறு தகுதி எனக்கு இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: சூரியனைப் பூமிக்கு இறக்கி, ஒவ்வொரு வீட்டிலும்... (நிறுத்திவிட்டேன். அமைச்சர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குவார்கள். அவர்களும் முடித்ததில்லை.)

பிறகு: அவளுடைய கண்கள்... (இதுவும் வேண்டாம். பெரும்பாலும் வெல்டிங் முகமூடியைத்தான் பார்த்திருக்கிறேன்.)

2

ஆகவே இயந்திரம். ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு ஓர் எஃகு வளையம். உள்ளே காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, துளி வாயுவை விட்டு, சூரியனின் நடுப்பகுதியைவிடச் சூடாக்குவார்கள். அந்தத் தீ சுவரைத் தொட்டால் அணைந்துவிடும். சுற்றிலும் இருக்கும் காந்தங்கள் அதைத் தொடவிடாமல் அந்தரத்தில் பிடித்திருக்கும். எத்தனை நொடி பிடிக்கிறோம் என்பதுதான் எங்கள் பிழைப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மின்சாரம் வர இன்னும் முப்பது வருடம் என்றார்கள். ஓய்வு பெற்றபோதும் அதையே சொன்னார்கள். பேச்சு மாறாதவர்கள்.

என் வேலை ஓட்டை தேடுவது. இணைப்புகள்மேல் வெளியிலிருந்து ஹீலியம் பீய்ச்சுவேன். எவ்வளவு நுண்ணிய ஓட்டையானாலும் அது உள்ளே நுழையும். மீட்டரில் முள் துள்ளும். 'ஓட்டை சார்' என்பது நான் உழைத்து வாங்கிய பட்டம்.

அவள் வெல்டர். அவள் இணைப்புகளில் பதினோரு வருடம் தேடினேன். முள் அசையவே இல்லை. ஓட்டை கிடைத்தால்தான் வெல்டரோடு பேச எனக்குக் காரணம் கிடைக்கும். என் கஷ்டம் புரிகிறதா?

3

அவளுக்குக் கப்பல் கட்டும் தளத்துக்கு மாற்றல் வந்தது. மறுநாள் காலை, மூன்றாவது ஜன்னலின் இணைப்பில் ஓட்டை என்று எழுதிக் கொடுத்தேன். (ஜன்னல் என்றால், தீயைப் பார்க்கச் சுவரில் பதித்த தடித்த கண்ணாடி.)

வந்தாள். மீட்டரைப் பார்த்தாள்.

"முள் அசையலையே?"

"காலையில அசைஞ்சுது வெல்டரம்மா. உங்களைப் பார்த்ததும் பயந்திருக்கும்."

"பதினோரு வருஷமா இல்லாத ஓட்டை, நான் கிளம்புற வாரம் பார்த்து வந்துருக்காக்கும்."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

முகமூடியை இறக்கிக்கொண்டாள். நன்றாக இருந்த இணைப்பை மூன்று நாள் மறுபடி மறுபடி பற்றவைத்தாள். நான் பக்கத்தில் விளக்குப் பிடித்தேன். மூன்று நாளும் ஒரே மரப்பெட்டியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"என்னமோ சொல்ல வர்றீங்க, முழுங்கிடுறீங்க."

"இந்த மெஷின் கரண்ட் குடுக்கட்டும். சொல்றேன்."

"அது சரி. அப்ப எனக்குக் காது கேக்கணுமே."

(இதற்கடுத்து அவள் 'பரவாயில்லை, காத்திருக்கேன்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. வெகுநாள் எதிர்பார்த்ததில் பேனா தானாக எழுதிவிடுகிறது.)

4

வளையத்துக்குள் போகிறவர்கள் வெள்ளை அங்கி, தலையுறை, இரண்டு சோடி கையுறை போடவேண்டும். ஒரு தலைமுடி விழுந்தாலும் தீ கெட்டுப்போகும். மூன்றாம் நாள், வெளியே வருமுன், அவள் வலது கையின் இரண்டு உறைகளையும் கழற்றினாள். ஜன்னலுக்கு வலப்புறம் சுவரில் கட்டைவிரலை அழுத்தினாள்.

"இப்ப நிஜமாவே ஒரு குறை இருக்கு. தேடிக்கிட்டிருங்க ஓட்டை சார்."

துடைத்திருக்க வேண்டும். நான் கதவை மூடி, 'சுத்தம்' என்று கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் தீ மூட்டினார்கள். ஒளியைப் பிரித்துக் காட்டும் திரையில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று. உப்பு, என்றார்கள். வியர்வை உப்பு. எங்கிருந்து என்று தெரியவில்லை. பதினான்கு வருடம் ஒவ்வொரு தீயிலும் அந்தக் கோடு வந்தது. ஒவ்வொரு தீக்கும் நான் திரைக்கு முன்னால் நின்றேன்.*

* விரல் ரேகை ஒரு வாரம்கூடத் தாங்காது என்கிறார்கள் விஞ்ஞானிகள். அவர்கள் அவள் வேலையைப் பார்த்ததில்லை.

கடிதம் போட்டிருக்கலாமே என்பீர்கள். என்னவென்று? மெஷின் இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை.

5

போன வாரம் ஆய்வுக்கூடத்தின் புது இயக்குநர் என் வீட்டுக்கே வந்தார். எனக்கொரு மகள் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் வயதுதான் இருக்கும்.

"ஐயா, பத்தொன்பது நொடியில தீ அணைஞ்சுடுது. இருபது தாண்டினாத்தான் அடுத்த மெஷினுக்கு அனுமதி. எங்கேயோ உப்பு இருக்கு. உங்களைவிட்டா அந்த வளையம் யாருக்கும் தெரியாது."

"தேடிப் பார்க்கறேம்மா."

தேட என்ன இருக்கிறது. இப்போது உள்ளேதான் நிற்கிறேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ரேகைகள் தெரிகின்றன. கையில் ஸ்பிரிட் நனைத்த துணி.

ஒரு முடிவு: துடைக்கிறேன். இருபது நொடி. எல்லோரும் கைதட்டுகிறார்கள். கரண்ட் ஓரடி பக்கத்தில் வருகிறது. அவளிடம் சொல்லவேண்டிய நாளும்தான். திரையில் மஞ்சள் இல்லை.

இன்னொன்று: துடைக்கவில்லை. 'ஒண்ணும் அகப்படலைம்மா' என்கிறேன். அந்தப் பெண் நம்பிவிடுகிறாள்.

மூன்றாவதில் அவளே கப்பல் தளத்திலிருந்து வந்து, துணியைப் பிடுங்கி... (கிழித்துவிட்டேன். என் புளுகுக்கும் ஓர் அளவு உண்டு.)

ஸ்பிரிட் சீக்கிரம் காய்ந்துவிடும். இந்தாருங்கள், துணியைப் பிடியுங்கள். மூன்றாவது ஜன்னலுக்கு வலப்புறம், தோள் உயரத்தில். அவளுடைய தோள் உயரம். நீங்கள் கொஞ்சம் குனியவேண்டியிருக்கும்.