கழுவாத டின்

இரட்டை ஷிப்ட் முடித்துப் பூனாவின் போசரி தொழிற்பேட்டையிலிருந்து வந்த லூர்துசாமிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவன் வேலைக்குப் போகும் நாளெல்லாம் அவன் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவள் பக்கத்து வீட்டு ஜமீலா. அதற்குக் கைமாறாக, புதினா வைக்கச் சொல்லிக் கம்பெனி ஆயில் டின் ஒன்றைக் கொடுத்திருந்தான்.

இன்று புதினா முழுக்கக் கருகிக் கிடந்தது.

“என் கைராசி அப்படி அண்ணே. இனிமே செடியே வைக்க மாட்டேன்,” என்றாள் ஜமீலா.

டின்னுக்குள் விரலை விட்டு முகர்ந்தான். எண்ணெய் நாற்றம். கழுவாமலேயே அவளுக்குக் கொடுத்திருக்கிறான்.

“வெயில்மா, பூனா வெயில்,” என்று மழுப்பினான். வேறொரு டின்னைச் சலவைச் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவி, புது மண்ணில் புதினாத் தண்டுகளை ஊன்றிக் கொடுத்தான்.

“இதுவும் செத்தா?”

“சாகாது. என் மிளகாயெல்லாம் யாரு வளர்த்தது?”

அவள் சிரித்தாள்.

புதினா கொடுத்தாயிற்று. ‘தப்பு என்னுது’ என்ற வார்த்தை மட்டும் அவளுக்கு இன்னும் பாக்கி.