மாப்பிள்ளை கார் மிஸ்ஸிங் அடித்த கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சக்கரவர்த்தி என்பவர், "எங்க திருவண்ணாமலையில ஒரு தடவ மோட்டாருக்கு இன்னா பண்ணாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்து ஒரே ஒரு வரி சொன்னார். அதற்குள் ரசம் வந்துவிட்டது. ரசம் வந்தபின் மனிதர் என்னை மறந்துவிட்டார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மீதி முழுவதையும் நான்தான் கட்டியிருக்கிறேன். எது அந்த வரி என்று இப்போது சொல்லமாட்டேன்.

ஆரம்பம் மட்டும் மூன்று எழுதினேன்.

"மலையின் உச்சியில் மேகம் கவிந்திருந்த ஒரு..." (வேண்டாம். அந்த மலையைப் பற்றி ஆரம்பித்தவர்கள் யாரும் சீக்கிரம் நிறுத்தியதில்லை. காருக்கு இடம் இருக்காது.)

"1959 ஆவணியில் ஒரு நாள், கருப்பன் தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக..." (முதல் முறையாக என்ன? 'அழுதான்' என்று எழுதப்போனேன். பத்திரிகை ஆசிரியர் ராமதாஸ் என்னிடம் கேட்டிருந்தது அழுகைக் கதை. ஆனால் இந்த ஆள் அழமாட்டேன் என்கிறான்.)

மூன்றாவது ஆரம்பம் கீழே இருக்கிறது. அது கிளம்பிவிட்டது, அதனால் நான் தொடவில்லை.

2

கார் கருப்பனுடையது. மேல்கூரை மடங்குகிற பழைய கார். பஸ் டிரைவர் வேலையை விட்டுவிட்டு, மனைவி கன்னியம்மாளின் தாலியைத் தவிர அவள் உடம்பில் இருந்த நகையெல்லாம் போட்டு வாங்கியது. கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு விடலாம் என்பது அவன் யோசனை. முதல் அழைப்பு கோயில் குருக்கள் குஞ்சிதபாதத்தின் பெண் கல்யாணம். மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதியும் மனிதன் நடக்கிற வேகத்தில் போகவேண்டும். நன்றாகப் போனால் நான்கு வீதிக் கல்யாணங்களும் அவனுக்குத்தான். நடுவில் நின்றுவிட்டால் அந்தக் காரில் அப்புறம் ஒரு மாப்பிள்ளையும் ஏறமாட்டான். சகுனத்துக்கு மறுபரீட்சை கிடையாது.

காலையிலேயே காரைக் கொண்டுவந்து குருக்கள் வீட்டுப் பந்தல் ஓரமாக நிறுத்தினான். பிளக்குகளையும் டிஸ்ட்ரிபியூட்டர்* மூடியையும் கழற்றிச் சுத்தம் செய்து ஒரு வாழை இலையில் பரப்பி வைத்துவிட்டு, குளத்துக்குப் போய்க் குளித்து வந்து மாட்டினான். மூன்று மணிக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றினான். என்ஜின் கிளம்பியது. டுப், டுப், டுப், அப்புறம் ஒன்றுமில்லை. டுப், டுப், டுப், ஒன்றுமில்லை.

(*இந்த என்ஜினுக்கு நான்கு பிளக். பந்தியில் சாதம் போடுகிறவர் இலை இலையாகப் போவதுபோல, முறைவைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டு பரிமாறுவது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடி சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி கறுப்பாக இருக்கும். இதையும் ஒரு மெக்கானிக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.)

"மிஸ்ஸிங் அடிக்குது சாமி," என்றான் கருப்பன்.

"ஒரு தட்டு குறையறதே," என்றார் குருக்கள்.

இந்தக் குருக்களை நான் முதலில் கோபக்காரராக எழுதியிருந்தேன். கல்யாண வாசலில் ஓட்டை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாயே என்று இரண்டு பக்கம் கத்தினார். படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது. நாற்பது வருஷமாக விடியுமுன் சுவாமியை எழுப்புகிறவர், ஒரு என்ஜின் எழுந்திருக்கவில்லை என்றா கத்துவார்? இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

கருப்பன் மரப்பிடி போட்ட திருப்புளியால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் என்ஜின் இரும்போடு சேர்த்துத் தொட்டான். அப்படித் தொட்டால் அந்தப் பிளக்குக்குக் கரண்டு போகாது. முதலாவதைத் தொட்டதும் என்ஜின் இன்னும் தள்ளாடியது. சரி, அது உழைக்கிறது. இரண்டாவதும் அப்படியே, நான்காவதும் அப்படியே. மூன்றாவதைத் தொட்டபோது மட்டும் என்ஜின் கண்டுகொள்ளவே இல்லை.

"இதுதான் சும்மா குந்திக்கினு இருக்குது."

மூன்றாவது பிளக்கைக் கழற்றி முதலாவதின் இடத்தில் போட்டான், முதலாவதை மூன்றில் போட்டான். அப்போதும் மூன்று பேசவில்லை. ஒயரை மாற்றினான். பேசவில்லை. மணி நாலரை. காரின் முன்பக்கத்தில் கட்டுவதற்குக் கூடை நிறையச் சாமந்தி எடுத்துக்கொண்டு கன்னியம்மாள் வந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா உன் மூஞ்சி ஏன் இப்பிடி கீது?"

3

கருப்பன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். அவன் கண்களில்

கருப்பன் ஓட்டமும் நடையுமாக பஸ் ஸ்டாண்டை நோக்கி

(இரண்டும் நகரவில்லை. என் கதையும் மூன்றில்தான் மிஸ்ஸிங் அடிக்கிறது. ராமதாஸ் கார்டு போட்டிருந்தார்: "அந்தப் பெண்ணின் நகையில்லாத கழுத்தை வருணியுங்கள், கண்ணீர் தானாக வரும்." சரி என்று பேனாவை எடுத்துக்கொண்டு கன்னியம்மாளின் பக்கம் போனேன். "வேர்வ இல்லாம இப்பதான் கழுத்து நல்லா இருக்குது, நீ போய் வேலய பாரு," என்றாள். கருப்பனிடம் சொன்னாளா என்னிடம் சொன்னாளா தெரியாது. போய் வேலையைப் பார்த்தேன்.)

4

பிளக்கும் இல்லை, ஒயரும் இல்லை என்றால் மீதி இருப்பது மூடிதான். காலையில் அவசரத்தில் கைப்பழக்கமாக மாட்டிய மூடியைக் கருப்பன் கழற்றித் திருப்பினான். திருப்பியவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். உள்ளே மூன்றாவது பித்தளைக் குமிழிலிருந்து விளிம்புவரை பாதி காய்ந்த சந்தனம், அதன் நடுவில் பளிச்சென்று குங்குமம். மூன்றாவது பிளக்குக்குப் போகவேண்டிய கரண்டு சந்தனத்தின் ஈரத்தில் நடந்து விளிம்பு வழியாக இரும்பில் இறங்கிக்கொண்டிருந்தது.

"யாரு வெச்சது இத?"

"நான்தான்," என்றாள் கனகாம்பாள், குருக்களின் மனைவி. பெருமையாகவே சொன்னாள். "நீ குளிக்கப் போறச்சே இலையில பரத்தி வெச்சுட்டுப் போனியோல்லியோ? எங்காத்துல இலையில வெச்சதுக்குப் பொட்டு வெக்காம விடுவாளா? எல்லாத்துக்கும் வெச்சேன். இது கிண்ணமாட்டம் இருந்தது, உள்ளே வெச்சேன்."

பிளக்குகளில் பொட்டு இருந்ததைக் கருப்பனும் பார்த்திருந்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மாட்டினான். கிண்ணத்துக்குள்ளும் பொட்டு இருக்கும் என்று யார் கண்டது?

"ஒரு துணி குடுங்கம்மா. தொடச்சிட்டா ஓடிடும்."

ஒருவரும் துணி கொடுக்கவில்லை.

"பொட்டை அழிக்கறதா? கல்யாணத்தும்போதா? வாயாலகூடச் சொல்லாதே!" என்றாள் கனகாம்பாள். குருக்கள் கண்ணை மூடிக்கொண்டார். கன்னியம்மாளும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம்யா. நம்ம வண்டிக்கும் ஆவாது." கருப்பனுக்கே கை எழவில்லை. கோளாறு தெரிந்துவிட்டது. ஒரு துடைப்பில் சரியாகிவிடும். ஆனால் அந்த வீட்டில் இருந்த எந்தக் கையும் அதைச் செய்யாது. மணி ஐந்து.

இங்கே நான் ஒரு வாரம் நின்றேன். வேலூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்து எழுதினேன், அடித்தேன். மழை பெய்யவிட்டேன், அடித்தேன். கடைசியில் கனகாம்பாளிடமே விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

"ஏன்னா, நேத்து சாயந்தரம் சுவாமிக்கு வெச்ச சந்தனம் குங்குமம் கார்த்தால இருக்குமே. அதை என்ன பண்றேள்? அழிக்கறேளா?"

"சிவ சிவா! யாராவது அழிப்பாளா? அபிஷேகம்னா பண்றோம்."

"பண்ணுங்கோ."

குருக்கள் மனைவியைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "கருப்பா, இதுக்கு என்ன திரவியம்? தீர்த்தம் ஆகுமோ?"

"தண்ணி ஆவாது சாமி. பெட்ரோலு."

இதுதான் சக்கரவர்த்தி சொன்ன வரி. "எங்க ஊர்ல மோட்டாருக்குப் பெட்ரோல் அபிஷேகம் பண்ணாங்க."

பித்தளைத் தாம்பாளம் வந்தது. மூடியை மல்லாத்தி வைத்தார்கள். செம்பில் பெட்ரோல். குருக்கள் வாய்க்குள் மந்திரம் சொல்லிக்கொண்டே ஊற்றி, சுவாமிக்குத் தேய்ப்பதுபோல விரலால் தேய்த்துவிட்டார். சந்தனம் கரைந்தும் உதிர்ந்தும் தாம்பாளத்தில் இறங்கியது. பழக்கதோஷத்தில் அவர் கை பக்கவாட்டில் நீண்டது.

"கற்பூரம் வாணாம் சாமி!" என்று கருப்பன் அலறினான். "பெட்ரோலு!"

வீடே சிரித்தது. உள்ளே மணையில் உட்காரவேண்டிய கல்யாணப் பெண் அபீதகுஜாம்பாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். (ராமதாஸ் அவர்களே, நீங்கள் கேட்ட கண்ணீர்.) கன்னியம்மாள் பனை விசிறியால் மூடி நன்றாகக் காயும்வரை விசிறினாள். பெட்ரோல் வாடை போகிறவரை காத்திருந்து கருப்பன் மாட்டினான். கனகாம்பாள் குங்குமச் சிமிழோடு வந்து, "இப்போ எங்கே வெக்கலாம்னு நீயே சொல்லு," என்றாள்.

"ஹாரன் மேல வெய்யிங்கம்மா. எவ்வளோ வேணா வெய்யிங்க. ஜாஸ்தியாவே வெய்யிங்க."

5

டுப், டுப், டுப், டுப்.

கருப்பன் ஹேண்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். ஆறு மணிவரை என்ஜினை நிறுத்தி வைக்கலாமே என்று குருக்கள் சொன்னார். "மாட்டேன் சாமி, ஓடுறது ஓடிக்கினே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டான். எனக்கும் இந்த இடத்தில் கதையை நிறுத்த மனம் வரவில்லை. இவ்வளவு சந்தோஷமாக ஒரு பக்கத்தை எழுதி எனக்கு ரொம்ப நாளாகிறது.

முடிவுகள் இருக்கின்றன. அ: நான்கு வீதியும் போய் வருகிறது. ஆ: ராஜகோபுரத்துக்கு நேர் எதிரே, மேளம் ஓய்கிற ஒரு நொடியில், நின்றுபோகிறது. ராமதாஸுக்கு 'ஆ' பிடித்திருக்கிறது. "கதை என்றால் அதுதான் கதை," என்று எழுதியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கும் கை அந்தப் பக்கம்தான் போகிறது.

மாப்பிள்ளை மாலையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். மேளம் முன்னே நகர்ந்துவிட்டது. கன்னியம்மாள் கூட்டத்துக்கு முன்னால் ஓடிப்போய் முதல் திருப்பத்தில் நிற்கிறாள். பார்க்க அல்ல, கேட்க. கருப்பன் கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டுவிட்டான்.

இதற்குமேல் நான் ஓட்டமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். கதை எழுதுகிறவன் கையில் ஓடுகிற வண்டியைக் கொடுத்தால் கோபுரத்துக்கு எதிரே நிறுத்தாமல் அவனுக்குத் தூக்கம் வராது. அந்தத் திருப்பத்தில் நிற்கிறவளுக்கு அதைச் செய்ய எனக்கு மனசில்லை. நீங்கள் கதை எழுதுகிறவர் இல்லையே? அப்படியானால் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். மனிதன் நடக்கிற வேகம், நான்கே வீதி.

கிளட்சை மெதுவாக விடுங்கள்.